ஜன்னலோரம்... இடதா, வலதா?

திருத்தணி லோக்கலில் தினமும் சென்னைக்குக் காலேஜ் போய் வருகிற பார்ட்டியா நீங்க? அப்படின்னா உங்களுக்கு ஒரு வித்தை ஏற்கெனவே அத்துப்படி! மார்கழி மாசக் காலையில் வலது ஜன்னலில் உட்கார்ந்தா முகத்துல சுள்ளுனு வெயில். ஆடி மாசம்னா அதே வெயில் இடது பக்கம். காரணம் சிம்பிள். அரக்கோணம் தாண்டினதும் ரயில் நேர் கிழக்கே போகுது. சூரியன் மார்கழியில் தென்கிழக்கிலும், ஆடியில் வடகிழக்கிலும் உதிக்குது. இந்த வித்தையை அப்படியே முப்பதாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டு போனா? இந்த வாரம் அதான் மேட்டர்!

நம்மில் பலருக்கு முதல் விமானப் பயணமே எம்.எஸ். படிக்கவோ, வேலைக்கோ கிளம்புற நீளமான பயணம்தான். எஜுகேஷன் லோன், விசா, முப்பது கிலோ பெட்டி, அதில் பாட்டி திணிச்ச பருப்புப் பொடி... இத்தனை டென்ஷனில் சீட்டைப் பத்தி யார் யோசிக்கிறா? கம்ப்யூட்டர் எதைக் கொடுக்குதோ அதில் உட்கார்ந்துடறோம். பத்து நிமிஷம் யோசிச்சா போதும் பாஸ்!

முதல் பாடம், எழுத்து. ‘ஏ’ எப்பவுமே இடது ஜன்னல். வலது ஜன்னல், சின்ன விமானத்தில் ‘எஃப்’, பெரிய விமானத்தில் பெரும்பாலும் ‘கே’.

ரெண்டாவது, திசை. கிழக்கே போனா இடது கைப்பக்கம் வடக்கு. அதனால டெல்லியிலிருந்து காத்மாண்டு, பாக்டோக்ரா, குவாஹாத்தி போறவங்க இடது பக்கம் உட்கார்ந்தா இமயமலை கூடவே வரும். சூரியன் தெற்குப் பக்கம் இருப்பதால் கண்ணும் கூசாது. திரும்பி வர்றப்ப வலது பக்கம். லண்டன் ஹீத்ரோவில் விமானங்கள் பெரும்பாலான நாள் மேற்கு பார்த்துத்தான் இறங்கும். அப்ப வலது ஜன்னல்காரருக்கு தேம்ஸ் ஆறும் டவர் பிரிட்ஜும் ஃப்ரீ ஷோ! நம்ம சென்னையில் கடல் பக்கமிருந்து இறங்கினா, வலது பக்கம் மெரினா.

மூணாவது, இறக்கை. அதுக்கு நேரா உட்கார்ந்தா எட்டு மணி நேரமும் தகரம்தான் தெரியும். ஒட்டிப் பின்னாடி உட்கார்ந்தா, இன்ஜின் விடுற சூட்டில் காட்சியெல்லாம் மதிய வெயிலில் தார் ரோடு மாதிரி நெளியும். முன்னாடி, இல்லைன்னா நல்லாப் பின்னாடி தள்ளிப் போங்க. சில வரிசையில் ஜன்னல் சீட்னு பேர் இருக்கும், ஜன்னல் இருக்காது! சீட் மேப்பைப் பார்த்துட்டு டிக் பண்ணுங்க. காசு கட்டி முன்பதிவு பண்ண மனசு வரலையா? 24 இல்லைன்னா 48 மணி நேரத்துக்கு முன்னாடி வெப் செக்-இன் திறக்கும். அலாரம் வெச்சு உட்கார்ந்தா மிச்சமிருக்கிற ஜன்னல் சும்மாவே சிக்கலாம்.

இவ்வளவு மெனக்கெட அங்கே என்னதான் தெரியும்னு கேட்கிறீங்களா? கொஞ்சம் கணக்கு. பூமியோட ஆரம் 6,371 கி.மீ. நம்ம முருகன் கோயிலின் 365 படியும் ஏறி, ரவுண்டா நூறு மீட்டர் உயரத்தில் நிக்கிறோம்னு வெச்சுக்கோங்க. தொடுவானம் சுமார் 36 கி.மீ. தூரத்தில். பதினோரு கி.மீ. உயரத்தில் பறக்கிற விமானத்திலிருந்து அது சுமார் 375 கி.மீ! வானம் மட்டும் தெளிவா இருக்கணும்.

எங்க தெருவில் ஒரு சீனியர் அண்ணா போன வருஷம் ஜெர்மனிக்குக் கிளம்பினார். நடுராத்திரி ஃப்ளைட். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: “எந்தப் பக்கம் உட்கார்ந்தாடா நம்ம ஊர் தெரியும்?” மேப்பில் ஸ்கேலை வெச்சோம். சென்னை ஏர்போர்ட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் கோடு போட்டா, அறுபது கி.மீ. சுமாருக்கு அப்புறம் திருத்தணி இடது பக்கம் வருது. ஆனா காற்றைப் பொறுத்து ரன்வேயில் கிளம்புற திசை மாறும், பாதையும் மாறும். அதனால ஃப்ளைட்ரேடார்24 ஆப்பில் அதே விமானம் முந்தின நாட்களில் எப்படிப் போச்சுன்னும் பார்த்துட்டு, ‘ஏ’ சீட்டைப் போட்டோம்.

ராத்திரி ஃப்ளைட்டுக்கு ஒரு டிப்ஸ்: உள்ளே விளக்கு எரிஞ்சா கண்ணாடியில் உங்க முகம்தான் தெரியும். போர்வையை முக்காடு போட்டு ஜன்னலோட ஒட்டிக்கோங்க. டேக்-ஆஃப் சமயத்தில் ஜன்னல் மூடியைத் திறந்துதான் வைக்கச் சொல்வாங்க. வெளியே தீ, புகைன்னா உடனே தெரியணுமே, அதுக்காக. ஆக, ஊரைப் பார்க்கிற அந்த நேரத்தில் யாரும் உங்களை மூடச் சொல்ல மாட்டாங்க.

அண்ணா இறங்கினதும் மெசேஜ் போட்டார்: “நிறைய வெளிச்சப் புள்ளி தெரிஞ்சுது. அதுல எது நம்ம ஊர்னு தெரியலைடா. ஆனா கடைசி வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துட்டிருந்தேன்.” அவங்க அம்மா அதை மூணு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அவங்களும் மொட்டை மாடியில்தான் நின்னாங்களாம். சிமிட்டிக்கிட்டே போன விளக்கில் எது அவன் விமானம்னு அவங்களுக்கும் தெரியலை.

நாளைக்கு உங்க பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா அம்மாவும் பறந்து வரலாம். அப்ப ஜன்னல் யாருக்குன்னு போட்டி வேணாம். முதல் தடவை பறக்கிறவங்களுக்குத்தான் அது. எந்தப் பக்கம்னு மட்டும் நீங்க முன்னாடியே பார்த்து புக் பண்ணிடுங்க!