அண்டை அயலை அறியும் பெட்டிகள்



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், நான் பணிபுரியும் அலுவலகத்தில் கணினிகளிற் பாதி செயலற்று நின்றன. அன்று ஊதியப் பட்டியல் அனுப்பவேண்டிய இறுதி நாள். நான்கு அறைகளில், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சுப் பெட்டிகள் நான்கு உள்ளன. எந்தக் கேபிள் எங்கே செல்கிறது என்று காட்டும் வரைபடம் எவரிடமும் இல்லை. வரைந்தவர் மாற்றலாகிச் சென்று பல ஆண்டுகள் ஆயின.

பழுது பார்க்க வந்த இளைஞர் ஒவ்வொரு பெட்டியிலும் தம் மடிக்கணினியைப் பொருத்தி, அப்பெட்டியின் அண்டையார் யார் என்று வினவினார். இரண்டாம் பெட்டி முதற்பெட்டியின் பெயரை மட்டும் கூறிற்று. மூன்றாவது நான்காவதை மட்டும் கூறிற்று. "இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையேதான் முறிவு" என்றார் அவர். சென்று பார்த்தோம், எலி கடித்த கேபிள் கிடைத்தது. மாலைக்குள் பட்டியலும் போய்ச் சேர்ந்தது.

இப்பெட்டிகள் அண்டையாரை எவ்வாறு அறிகின்றன? ஒவ்வொரு பெட்டியும் தன் ஒவ்வொரு வாயிலிலும் வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தியை அனுப்புகிறது. "நான் இன்னார், என் இந்த வாயிலிலிருந்து பேசுகிறேன், இச்செய்தி இத்தனை நொடிகளுக்குச் செல்லும்" என்னும் மூன்றும் அதில் கட்டாயம் இருக்கும். பெயர், ஆற்றக்கூடிய பணி, நிர்வாக முகவரி ஆகியவற்றையும் விரும்பினால் சேர்க்கலாம். பெற்ற பெட்டி அதனைக் குறித்துக்கொள்ளுமேயன்றி மறுமொழி தராது. அடுத்த பெட்டிக்குக் கடத்தவும் செய்யாது. நம் இருப்புப்பாதையில் நிலைய அதிகாரி அடுத்த நிலையத்தைக் கேட்டு, இசைவு பெற்ற பின்னரே வண்டியை விடுகிறார். இங்கோ கேள்வியும் இல்லை, இசைவும் இல்லை. அறிவிப்பு மட்டுமே உண்டு. ஆயினும் அடுத்த நிலையத்தோடு மட்டுமே பேச்சு என்பது இரண்டுக்கும் பொது.

செய்தியின் ஆயுள் வழக்கமாக 120 நொடி. அதற்குள் புதுச் செய்தி வராவிடில், அண்டையாரின் பெயர் குறிப்பேட்டிலிருந்து நீக்கப்படும். எலி கடித்த இடம் வெளிப்பட்டது இவ்வாறே. ஒவ்வொரு பெட்டியும் தன் அண்டையை மட்டுமே அறியும். எனினும் எல்லாக் குறிப்பேடுகளையும் ஒன்று சேர்த்தால் முழு வரைபடமும் கிடைத்துவிடுகிறது.

சிஸ்கோ நிறுவனம் இத்தகைய முறையொன்றை 1990-களிலேயே தன் கருவிகளுக்கென வகுத்துக்கொண்டது. வேறு வேறு நிறுவனங்களின் கருவிகளும் ஒன்றையொன்று அறிய வேண்டும் என்பதற்காக, ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு 2005-ஆம் ஆண்டில் எல்.எல்.டி.பி. என்னும் பொதுமுறையை வெளியிட்டது. ஓர் எச்சரிக்கையும் உண்டு. செய்தியைக் கேட்பவர் எவராயினும் அதைப் படித்துவிட முடியும். ஆதலின் அயலார் வந்து பொருத்தக்கூடிய வாயில்களில் இவ்வறிவிப்பை நிறுத்தி வைப்பதே நன்று.

இதை எழுதும்போது எங்கள் குடியிருப்பில் நிகழ்ந்தது நினைவுக்கு வருகிறது. தனியே வாழ்ந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் இரவில் வழுக்கி விழுந்தார். மறுநாள் நண்பகல்வரை எவரும் அறியவில்லை. சுவருக்கு அப்பால் குடியிருந்தவன் நானே. உயிர் பிழைத்தார், என்றாலும் என் வெட்கம் இன்னும் தீரவில்லை.

பிழைப்பை நாடி அயலூர் வந்த நாம் நகரிலுள்ள எல்லாத் தமிழரையும் அறிந்திருத்தல் அரிது. இருபுறத்து வீட்டாரை, அவர் எம்மொழி பேசுவோராயினும், அறிந்திருத்தல் அரிதன்று. நாளுக்கு ஒருமுறை ஒரு சொல் போதும். குரல் கேளாத நாளில் கதவைத் தட்டுவோமாக.