காது மிஷினை ஏ.சி. ரூமில் விற்காதீர்கள்!

திருவான்மியூர் மார்க்கெட், சாயங்காலம் ஆறரை மணி. ஜெயந்தி சிக்னல் பக்கமிருந்து விடாமல் ஹாரன். தள்ளுவண்டியில் கட்டிய ஸ்பீக்கர் வெங்காய விலையைத் திரும்பத் திரும்பக் கத்துகிறது. காதில் புது மிஷினோடு ஒரு தாத்தா காய்கறி வாங்குகிறார். கடைக்காரர் விலை சொல்கிறார். "என்னப்பா?" மறுபடி சொல்கிறார். "என்ன?" மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருக்கிறது. ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டிவிடுகிறார், வருகிற மீதியை வைத்து விலையைத் தெரிந்துகொள்ளலாம் என்று.

இப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இல்லாத தெரு சென்னையில் உண்டா?

வீட்டில் என்ன பேச்சு வரும் என்பதும் தெரிந்ததுதான். "அவ்ளோ காசு போட்டு வாங்கியாச்சு, இன்னும் காதுல விழலையாம்! வேணும்னே பண்றார்." இல்லாவிட்டால், "மிஷின் டப்பா, ஏமாத்திட்டான்." பத்தாவது நாள் மிஷின் டிராயருக்குள் போய்விடும்.

இரண்டு தீர்ப்புமே தப்பு. தாத்தா நடிக்கவில்லை, மிஷினும் டப்பா இல்லை. அமைதியான அறையில், எதிரே ஒரே ஒரு ஆள் பேசும்போது அது நன்றாகவே உதவும். லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குக் காது மிஷின் பயன்தருகிறது என்று 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. தப்பு, அதை விற்ற விதத்தில் இருக்கிறது. சத்தம் புகாத அறையில் 'பீப்' சத்தம் போட்டுச் சோதித்து, ஏ.சி. ரூமில் காதில் மாட்டி, "கேக்குதா சார்?" என்று கேட்டால் யாருக்குத்தான் கேட்காது?

கொஞ்சம் அறிவியல் (பயப்பட வேண்டாம், சுருக்கமாகத்தான்!). வயதானால் முதலில் போவது உச்ச சுருதி ஒலிகள். உயிரெழுத்துகள் கேட்கும், மெய்யெழுத்துகள் மங்கும். "காசு" என்றால் "காது" என்று விழும். மிஷின் அந்த மங்கலான ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கிறது. ஆனால் கூடவே ஹாரனையும் வெங்காய ஸ்பீக்கரையும் தூக்கிவிடுகிறதே! பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. புரிவதும் புரியாததும் அந்த இடைவெளியைப் பொறுத்தது.

நெதர்லாந்து விஞ்ஞானி ப்ளோம்ப் 1978-லேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். காதுக் குறை இரண்டு வகையில் வேலை செய்கிறது. ஒன்று, சத்தம் குறைவது. இன்னொன்று, கேட்கிற சத்தமே சிதைந்து கேட்பது. மிஷின் சரிசெய்வது முதலாவதைத்தான். இரண்டாவது உட்காதிலும் நரம்பிலும் இருக்கிற பழுது; அதை எந்த வால்யூமும் ஒட்டவைக்காது. 'பீப்' சோதனையில் ஒரே மாதிரி வரைபடம் வருகிற இரண்டு பேர், மார்க்கெட்டில் முற்றிலும் வேறு வேறு மாதிரி தடுமாறலாம். அப்படியிருக்க, அந்த ஒரு வரைபடத்தை மட்டும் வைத்து லட்ச ரூபாய்க்கு விற்பது என்ன நியாயம்?

"இரைச்சலைக் குறைக்கும் நவீனத் தொழில்நுட்பம்" என்று விளம்பரம் வேறு. அதில் உண்மையும் இருக்கிறது. இரண்டு மைக் வைத்து முன்னால் வரும் குரலைத் தூக்கிப் பின்னால் வரும் இரைச்சலை அமுக்குகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் சில டெசிபல் லாபம் கிடைக்கும். நாலு பக்கமும் சத்தம் வந்து சுவரில் மோதித் திரும்புகிற இடத்தில் அது இன்னும் சுருங்கிவிடும். இரைச்சலைக் குறைக்கும் வழக்கமான மென்பொருள் காதுக்கு இதம் தரும், எரிச்சலைக் குறைக்கும்; கூடுதலாக வார்த்தை புரிவது அபூர்வம். சமீபத்தில் வந்த செயற்கை நுண்ணறிவு மாடல்கள் கொஞ்சம் மேல். விலையைக் கேட்டால்தான் காது அடைத்துக்கொள்ளும் :-)

பெரிய கூத்து இன்னொன்று. "மாட்டியிருப்பது யாருக்கும் தெரியாது" என்று சொல்லித்தான் குட்டி மிஷினை விற்கிறார்கள். காதுக்குள் முழுசாக ஒளிந்துகொள்ளும் அந்த மாடலில் இரண்டு மைக் வைத்துத் திசை பிரிக்க இடம் கிடையாது. வெட்கத்துக்குக் காசு கொடுத்து, இரைச்சலில் உதவக்கூடிய ஒரே வசதியையும் விட்டுவிட்டு வருகிறார் தாத்தா.

உருப்படியான வழியோ சாதாரணமானது. மைக்கைப் பேசுகிறவர் வாய் பக்கத்தில் வைப்பது! இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் மைக் இருபது சென்டிமீட்டருக்கு வந்தால், திறந்த வெளியில் குரல் 20 டெசிபல் கூடுகிறது, இரைச்சல் கூடுவதில்லை. சட்டையில் குத்தும் சின்ன வயர்லெஸ் மைக், அதிலிருந்து நேராக மிஷினுக்கு. சில போன்களையே அப்படி மேஜை மேல் வைத்து மைக்காகப் பயன்படுத்தலாம். வாங்கும்போது இதை எத்தனை பேருக்குச் சொல்கிறார்கள்?

கவுன்டர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஒரு கம்பிச் சுருளைப் பதித்துவிட்டால், மிஷினில் இருக்கும் டெலிகாயில் அந்தக் குரலை மட்டும் நேராகப் பிடித்துக்கொள்ளும். லண்டனில் கறுப்பு டாக்ஸிக்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது. இங்கே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தாயிற்று. பறக்கும் ரயில் ஸ்டேஷன், பேங்க், போஸ்ட் ஆபீஸ் என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசுகிற ஒவ்வொரு கவுன்டரும் இதைப் போடலாம். (இதற்கும் குட்டி மிஷின் உதவாது. ரொம்பச் சின்னதில் டெலிகாயில் இருக்காது.)

அதுவரை குறைந்தபட்சம் விற்கிற முறையாவது மாறட்டும். காசு வாங்குமுன் இரைச்சலோடு வாக்கியங்களைப் போட்டுச் சோதிக்கட்டும். ஒரு வாரம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பட்டும். தாத்தா அதை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கும், மருந்தீஸ்வரர் கோயில் பிரதோஷக் கூட்டத்துக்கும், பேரன் பேத்தி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் போய்விட்டு வரட்டும். அதற்கப்புறம் கேட்கட்டும், "கேக்குதா சார்?" என்று.