கொன்றது எந்திரன் அல்ல

2010-இல் ‘எந்திரன்’ பார்த்துவிட்டு கோட்டாறு கம்போளம் வழியே திரும்பினோம். எல்லாருக்கும் ரயில் சண்டையே பேச்சு. எனக்கு அந்தப் பெண். தீயிலிருந்து சிட்டி அவளைக் குளித்த கோலத்திலேயே தூக்கிவருகிறது, கேமராக்கள் பார்க்கின்றன, வெட்கி ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறாள்.

“எல்லாரும் பாத்த பொறவு அவ எப்படி இருப்பா மக்கா?” என்றாள் மைனி.

படமும் அதையேதான் சொல்கிறது. குற்றம் இயந்திரத்துக்கு உணர்ச்சி இல்லாததாம். கேமரா பிடித்தவனுக்கு இருந்ததா? உணர்ச்சி வந்த சிட்டியும் சனாவைக் கடத்தத்தானே செய்தது!

நான் படித்த விமர்சனங்கள் கிராபிக்ஸை மெச்சின. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்குத் தேசிய விருதும் வந்தது. அவளை ஏன் சாகடித்தீர்கள் என்று அவற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

மைனிக்கு அன்று நானும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள் மைனி. பசித்தால் சோறு தின்றிருப்பாள்.