‘எல்’ பலகைக்கு உரிய கார் எது?

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்த எமது மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். பரீட்சையைப் பற்றிப் பேசவே வந்தான் என எண்ணினோம். அவனோ, “சேர், நான் கார் ஓடப் பழகப்போகிறேன். நீங்கள்தான் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும்” என்று தொடங்கினான்.

விடயம் இதுதான். கனடாவில் வாழும் அவனுடைய மாமா, இங்கு வந்து நின்றபோது வாங்கிய பெரிய ஜீப் வண்டியைத் தமக்கை வீட்டில் விட்டுச் சென்றிருக்கிறார். கறுப்பு நிறம், ஆளுயரம், கியர் மாற்றவேண்டிய தொல்லையில்லை. பழகுவதானால் அதிலேயே பழகுவேன் என்பது மைந்தனின் வாதம். முதலில் ஒரு சின்னக் காரிற் பழகட்டும் என்பது தாயாரின் பிடிவாதம். இருவருக்கும் நடுவராக நாம் அமர்த்தப்பட்டோம்.

இந்த ஆசை அவனுக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்திலே, கைவிடப்பட்ட பழைய விமான ஓடுதளங்களிற் பதினேழு வயது நிரம்பாத சிறுவர்களையும் விலையுயர்ந்த பந்தயக் கார்களில் அமர்த்தி, பயிற்றுநர் பக்கத்திலிருக்கச் சில சுற்றுக்கள் ஓடக்கொடுக்கும் நிலையங்கள் உள்ளன. பெற்றோரும் பிறந்தநாட் பரிசாகக் காசு கட்டிப் பிள்ளைகளை அனுப்புகின்றனர். அது பொதுவீதியன்று, எதிரே மாட்டு வண்டியும் வராது, மனிதரும் வரார். ஆகவே அதனைக் கேளிக்கை என்று கொள்ளலாமேயன்றிக் கல்வி என்று கொள்ளுதல் இயலாது.

கல்வி என்று கொள்ளத்தக்க நிகழ்ச்சியொன்றும் அந்நாட்டு வரலாற்றிலுண்டு. 1945ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில், பின்னர் அரசியாக முடிசூடிய இளவரசி எலிசபெத் தமது பதினெட்டாம் வயதிற் பெண்கள் துணைப்படையிற் சேர்ந்து, இராணுவ லொறியும் நோயாளர் வண்டியும் ஓட்டப் பயின்றார். ஓட்ட மாத்திரமன்று, சில்லைக் கழற்றி மாட்டவும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் பயின்றார். அரண்மனையில் அழகிய கார்களுக்குக் குறைவில்லை. எனினும் அரசகுமாரிக்குப் பாடஞ்சொன்ன வண்டி, கையிற் கரிபூசும் வண்டியாகவே இருந்தது.

பழகுநரை மனத்திற்கொண்டே ஒரு காரை அமைத்தால் அது எவ்வாறிருக்கும்? இவ்வினாவுக்கு விடை காண முயன்றது பிரான்சு தேசத்துச் சித்ரோன் நிறுவனம். அதன் தலைவராயிருந்த பியர் பூலாஞ்சே 1930களிலே தம் பொறியியலாளருக்கு ஒரு கட்டளை இட்டார். குடியானவர் இருவரும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் ஏறத்தக்கதாக வண்டி அமையவேண்டும். உழுத வயலின் குறுக்கே ஒரு கூடை முட்டையை உடையாமற் கொண்டுசெல்லவேண்டும். புதிதாக ஓடப் பழகுபவரும் அதனை எளிதிற் கையாளவேண்டும். இடையிலே போர் மூண்டதனால் அவ்வண்டி 1948ஆம் ஆண்டு ஒக்டோபரிலேதான் பாரிஸ் கண்காட்சியிற் காட்சி கொடுத்தது.

அதன் தோற்றத்தைக் கண்டு நகைத்தவர் பலர். கூரை துணியாலானது; பாயைப் போலச் சுருட்டிவைக்கலாம். இயந்திரம் ஒன்பது குதிரை வலு மாத்திரமே உடையது. அதனைக் குளிர்விக்கத் தண்ணீர் தேவையில்லை, காற்றே போதும். கியர்த் தண்டோ தரையிலிருந்து எழாமல், குடைப்பிடி போல முன்பலகையிலிருந்து நீண்டிருந்தது. அதனை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் கியர் மாற்றவேண்டும். நகைத்தவர்கள் ஓய்ந்தனர், கார் ஓயவில்லை. 1990ஆம் ஆண்டு வரையில் முப்பத்தெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் உற்பத்தியாயின. வேகமாக ஓடமுடியாத அந்த வண்டி, பழகுநரை எல்லை மீறவும் விடவில்லை.

அதே 1948ஆம் ஆண்டு ஒக்டோபரிலே இலண்டன் கண்காட்சியில் வேறொரு கார் வெளிவந்தது. அதன் பெயரை இலங்கை வாசகருக்கு நாம் அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. அதுவே மொறிஸ் மைனர். அதனை அமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுங்கலாயிருப்பதைக் கண்டு, அதனை நெடுக்காக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகலமாக்கிப் பொருத்துவித்தார் என்பது மோட்டார் வரலாற்றிற் புகழ்பெற்ற செய்தி. பத்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான முதலாவது பிரித்தானியக் கார் அதுவேயாகும்.

எமக்குச் சாரத்தியம் கற்பித்ததும் ஒரு மொறிஸ் மைனர்தான். அது எமது பெரியப்பாவினுடையது. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அருமருந்தாகிவிட்ட காலத்தில், அதுபோன்ற பழைய கார்களே எம்மவரைச் சுமந்தன என்பதை மூத்த வாசகர்கள் மறந்திரார். சில துளி பெற்றோலிலே இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவைப்பார்கள். புகையும் மணமும் ஒழுங்கை முழுவதும் பரவும். நாம் சிறுவராய் நின்று வேடிக்கை பார்த்த அந்தக் காரிலேயே, பதினெட்டு வயது நிரம்பியபின் பெரியப்பா எம்மைச் சாரதி ஆசனத்தில் இருத்தினார்.

அதன் முதலாவது கியர், வண்டி நின்றாலன்றி இலகுவில் விழாது. அவசரப்பட்டாற் பல்லைக் கடித்துக்கொண்டு அலறும். கிளச்சைச் சட்டென விட்டால் இயந்திரம் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். திரும்பும்போது பக்கத் தூணிலிருந்து ஒரு சிறு கைகாட்டி எழும். சிலவேளை எழாது, அப்போது கையை வெளியே நீட்டவேண்டும். நாம் விட்ட பிழை ஒவ்வொன்றையும் அந்தக் கார் அந்தக் கணமே எமக்குச் சொல்லியது. பெரியப்பா ஏசவேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஒருநாள் மாலை, கிடுகு வேலிகளுக்கு இடைப்பட்ட ஓர் ஒழுங்கையிற் சென்றுகொண்டிருந்தோம். படலையொன்றைத் தள்ளிக்கொண்டு ஒரு சிறுமி ஆட்டுக்குட்டியைத் துரத்தியபடி முன்னே ஓடிவந்தாள். எமது கால் பிறேக்கைத் தேடுமுன் பெரியப்பாவின் கை இடையிலிருந்த கைப்பிறேக்கை இழுத்துவிட்டது. கார் குலுங்கி நின்றது. சிறுமிக்கும் காருக்கும் இடையே இரண்டு முழ தூரமே இருந்தது. அவள் எம்மை ஏறிட்டும் பாராமல் ஆட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெரியப்பா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “தம்பி, மெல்ல வந்தபடியால் தப்பினோம்” என்று மாத்திரம் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் படலையைக் கடக்கும்போதெல்லாம் எமது கால் தானாகவே பிறேக்கின் மேல் போகின்றது.

“மெல்ல” என்ற அச்சொல்லின் பெறுமதியைக் கணக்காலும் காட்டலாம். பிரித்தானியாவின் வீதி ஒழுங்கு நூல் தரும் கணக்கின்படி, மணிக்கு 20 மைல், அதாவது ஏறத்தாழ 32 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார், சாரதி ஆபத்தைக் கண்டதிலிருந்து முற்றாக நிற்பதற்கு 12 மீற்றர் ஓடும். 30 மைல் வேகத்தில் அத்தூரம் 23 மீற்றர். 60 மைல் வேகத்தில் 73 மீற்றர். வேகம் இரட்டித்தாற் பிறேக் பிடிக்கும் தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகின்றது. பௌதிகம் படிக்கும் மாணவருக்கு இதன் காரணம் தெரியும்: இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கின்றது. வண்டியின் விலை இக்கணக்கை மாற்றாது.

இனி எம் மாணவனின் ஜீப்பைப் பார்ப்போம். அதன் ஆசனம் உயரமானது. உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நிலம் மெதுவாக நகர்வதுபோலத் தோன்றும். உள்ளே ஓசையில்லை, ஆகவே வேகத்தைக் காது உணராது. முன்மூடி உயர்ந்து அகன்றிருப்பதனால், அதற்கு அண்மையில் நிற்கும் குழந்தை கண்ணிற் படாமலே போகலாம். பழகியவனுக்கு இவை பழகிய குறைகள். பழகாதவனுக்கோ, எந்தப் பிழையும் தன்னிடம் இல்லை என்ற மயக்கத்தை இவை ஊட்டுகின்றன. ஆசிரியத் தொழிலில் நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு: பிழையை மறைத்துப் புள்ளி போடும் ஆசிரியரை மாணவர் மிகவும் விரும்புவர், பரீட்சை மண்டபத்திலேதான் அவருடைய அருமை தெரியும். வீதியே சாரதியின் பரீட்சை மண்டபம். அங்கே தோற்பவன் தான் மாத்திரம் தோற்பதில்லை.

எமது மாணவன் கெட்டிக்காரன், விட்டுக்கொடுக்கவில்லை. “சேர், மின்சாரக் கார்களில் கியர் மாற்றும் வேலையே இல்லை. இன்னும் சில காலத்தில் கிளச்சை யார் மிதிக்கப் போகிறார்கள்?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். தானே கியர் மாறும் வண்டியை நாம் பழிக்கவில்லை. இடக்கால் இயலாதவருக்கும், முதுமையிற் பழகப் புகுவோருக்கும், நெரிசலில் நாள்தோறும் அலைவோருக்கும் அது பேருதவி. ஆயினும் பிரித்தானியாவில் அத்தகைய வண்டியிற் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவர், அவ்வகை வண்டியை மாத்திரமே ஓட அனுமதி பெறுகின்றார். கியர் மாற்றக் கற்றவரோ இரண்டையும் ஓடலாம். ஒரு வேலைக்காக ஊர்விட்டு ஊர் போகவேண்டிய இளைஞனுக்கு இது சிறிய வேறுபாடன்று.

ஆகையால் அவனுக்கு நாம் சொன்னது இது. முதலிற் சின்னக் கார் ஒன்றிற் பழகு. அது பழையதாயினும் பிறேக்கும் சில்லுகளும் குறைவற்றிருக்கட்டும். பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிறேக் உள்ள வண்டியாயின் மிக நன்று. வெயிலில் மாத்திரம் பழகாதே. மழையிலும், பொழுதுபட்ட பின்னரும், பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் பழகு. அனுமதிப்பத்திரம் கைக்கு வந்து சில மாதங்கள் சென்றபின், மாமாவின் ஜீப்பை அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓடு. அப்போது அந்த அம்மாவே பெருமைப்படுவார்.

அவன் முகம் வாடியது. “சின்னக் காரில் ‘எல்’ பலகையைக் கட்டிக்கொண்டு போனாற் பெடியன்கள் சிரிப்பார்கள், சேர்” என்றான். உண்மையான காரணம் அப்போதுதான் வெளிப்பட்டது. 1935ஆம் ஆண்டு பிரித்தானியாவிற் சாரதிப் பரீட்சை கட்டாயமாக்கப்பட்டபோது வழக்கிற்கு வந்தது அந்தச் சிவப்பு எழுத்து. ‘நான் இன்னும் கற்கின்றேன், என்னைப் பொறுத்தருளுங்கள்’ என்று ஊராரிடம் ஒருவன் வெளிப்படையாகக் கேட்கும் விண்ணப்பம் அது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தோம். ஏற்றுக்கொண்டானா என்பது அன்று எமக்குத் தெரியவில்லை.

சென்ற வாரம் கல்லூரி விட்ட நேரத்தில், வாசலுக்கு எதிரே சிறிய வெள்ளைக் கார் ஒன்று குலுங்கி நின்றது. முன்னும் பின்னும் ‘எல்’ பலகை. துவிச்சக்கர வண்டிகளோடு நின்ற மாணவர் கூட்டம் ஆரவாரித்தது. உள்ளே இருந்தவன் எம் மாணவன்தான். அவன் பதறவில்லை, கிளச்சை மிதித்து, இயந்திரத்தை மறுபடி உயிர்ப்பித்து, வீதியின் இருபுறமும் பார்த்து, குறுக்கே வந்த சின்னஞ்சிறுவர் இருவரைக் கையசைத்துப் போகவிட்டான். அதன் பின்பே மெல்லப் புறப்பட்டான்.

அவன் எம்மைக் கவனிக்கவில்லை. கண் வீதியிலேயே இருந்தது.