கூண்டுக்கு ஒரே சாவியா?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களை நடத்துகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. நிலவறையில் ஒருவரைச் சிறை வைத்தால் அவரை விடுவிக்க ஒரு புதிர் வேண்டும். அந்தப் புதிருக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். அது ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டரின் நோட்டில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். புதிதாக ஆட்டம் நடத்த வருகிறவர்களுக்கு இதைப் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். தவறான பாடம். மீட்புக் காட்சிகள் மேசையில் செத்து விழுவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்த்ததில்லை.

நானும் இதை நம்பித்தான் ஆட்டம் நடத்தினேன். ஆழமான ஒரு கிணறு. அதற்குள் சங்கிலியில் தொங்கும் இரும்புக் கூண்டு, கூண்டுக்குள் பத்து வயதுப் பையன். கிணற்றுச் சுவரில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது, மட்டம் ஏறிக்கொண்டே வருகிறது. மேலே நான்கு நெம்புகோல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மிருகத்தின் தலை. முந்தைய அறையின் ஓவியத்தில் அந்த மிருகங்கள் எந்த வரிசையில் நீர் குடிக்க நிற்கின்றன என்று பார்த்திருந்தால் விடை தெரிந்துவிடும். ஓவியத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. முக்கால் மணி நேரம் நான்கு பேர் நெம்புகோல்களை மாற்றி மாற்றி இழுத்தார்கள். நடுவில் ஒரு பெண் கேட்டார்: "எங்ககிட்ட இருக்கிற கம்பளியெல்லாம் சுருட்டி அந்த ஓட்டையை அடைச்சா என்ன?"

முடியாது என்றேன். தண்ணீரின் வேகம் தாங்காது என்று அந்த நிமிடத்தில் ஒரு காரணமும் கட்டினேன். உண்மையில் அது என் நோட்டில் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேசையில் யாரும் பையனைப் பற்றிப் பேசவில்லை. நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று தெரிந்துகொள்ள என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூழ்கப் போகிற ஒரு குழந்தையை மறக்கடித்துவிட்டு என் முகத்தைப் படிக்க வைத்தது என் புதிர்தான்.

விடுகதை வேறு, சிக்கல் வேறு. விடுகதை போட்டவருக்கு விடை தெரியும். மற்றவர் அதைச் சொல்லியாக வேண்டும். நூலில் விழுந்த சிக்கலுக்கு அப்படி ஒரு விடை எங்கும் எழுதியிருக்கவில்லை. பொறுமை இருந்தால் பிரிக்கலாம். அவசரமென்றால் அறுக்கலாம், அறுத்தால் நூல் குறையும். மீட்பு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதை விடுகதையாக மாற்றுகிறபோது கைதி ஆளாக இல்லாமல் பெட்டிக்குள் இருக்கும் பரிசாகிவிடுகிறார்.

இதை முன்னோடிகள் அறியாமல் இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற சாகசப் புத்தகம் 1981-இல் அடிப்படை விதிப் பெட்டியோடு சேர்ந்தே வந்தது. ஏராளமானோர் முதன்முதலாக இறங்கிய நிலவறை அதுதான். அதில் ஹாப்காப்ளின் என்ற அரக்கர்களின் குகையில் ஓர் அறை. சுவரில் சங்கிலியால் கட்டப்பட்ட 6 கைதிகள். விருந்தில் சமைக்கப்படக் காத்திருக்கும் ஒரு வணிகர், அவர் மனைவி, காவல் வீரர்கள் இருவர். ஐந்தாவது, ஆர்க் என்ற இன்னோர் அரக்க இனத்தைச் சேர்ந்தவன். அவிழ்த்துவிட்டு ஆயுதம் கொடுத்தால் ஹாப்காப்ளின்களை எதிர்த்து மகிழ்ச்சியோடு சண்டை போடுவான். ஆறாவது, நோல் என்ற அரக்க இனத்தைச் சேர்ந்த, புத்தி பேதலித்த ஒருவன். அவிழ்த்த கையோடு ஆயுதத்தைப் பிடுங்கி, காப்பாற்றியவர்களையே தாக்குவான். அந்தச் சங்கிலிகளுக்கு நெம்புகோலும் இல்லை, ஓவியமும் இல்லை. யாரை முதலில் அவிழ்ப்பது, எதிரி இனத்தான் பேச்சை நம்புவதா, அரை உயிராகக் கிடக்கும் வணிகரை யார் தூக்குவது என்பதுதான் அங்கே புதிர். சில வரிகளில் எழுதப்பட்ட அந்த அறை, நான் பக்கம் பக்கமாக எழுதிய கிணற்றைவிட எத்தனையோ மடங்கு மேல்.

ஒரே விடை என்ற பழக்கம் போட்டி ஆட்டங்களால் உரம் பெற்றது என்பது என் கணிப்பு. 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற நிலவறைச் சாகசம் 1978-இல் அச்சாவதற்கு முன்பே, 1975-இல் ஆரிஜின்ஸ் மாநாட்டில் போட்டியாக நடத்தப்பட்டது. பல குழுக்கள் அதே அறைகளுக்குள் போகும்போது யார் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்று அளக்க ஒரு பொது அளவுகோல் தேவை. அங்கே அது நியாயம். சனிக்கிழமை மாலை ஐந்து நண்பர்கள் உட்காரும் மேசையில் யாரை யாரோடு அளக்கப் போகிறோம்?

இத்தகைய ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்ஸாண்டரின் 'மூன்று துப்பு விதி'யை இங்கே சிலர் துணைக்கு அழைக்கிறார்கள். ஒரு முடிவுக்கு ஆட்டக்காரர்கள் வர வேண்டுமென்றால் குறைந்தது மூன்று துப்புகள் வையுங்கள் என்கிறது அந்த விதி. நல்ல விதி, துப்பறியும் கதைக்கு. அங்கே கொலைகாரன் யார் என்ற உண்மை மாறாது. கூண்டிலிருந்து வெளியே வர ஒரு வழிதான் உண்டு என்று யார் சொன்னது?

எந்த வழியானாலும் சரி என்று விட்டால் ஆட்டம் சப்பென்று போய்விடும் என்பார்கள். வலுவான ஆட்சேபம் இது ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை இருந்தால் சப்பென்று போகாது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் 'நாக்' மந்திரத்தைப் பாருங்கள். எந்தச் சாதாரணப் பூட்டையும் நொடியில் திறந்துவிடும். ஆனால் அப்போது எழும் தட்டல் ஓசை 300 அடி தூரம் கேட்கும். பக்கத்து அறைக் காவலாளிகள் எழுந்துவிடுவார்கள். அதே பதிப்பில் கைவிலங்கை வலிமையால் உடைக்கப் பகடை உருட்டலில் மொத்தம் 20 எட்ட வேண்டும்; கருவி பழகிய கை பூட்டைத் திறக்க 15 போதும். 1981-இன் விதிப்படி நிலவறையில் ஒரு சுற்று 10 நிமிடம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் அலைந்து திரியும் ஏதோ ஒன்று வந்து சேரும். தீப்பந்தம் ஆறு சுற்றோடு அணையும். சத்தமில்லாமல் அரத்தால் அறுக்கிறேன் என்பவர் வெளிச்சத்தைச் செலவழிக்கிறார். எந்த வழியும் இலவசமில்லை. கடினம் இங்கிருந்துதான் வர வேண்டும்.

நிஜ மீட்புகளும் இப்படித்தான். 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கிக்கொண்டார்கள். ஜூலை 2 அன்று கண்டுபிடித்துவிட்டார்கள். வெளியே கொண்டுவந்தது ஜூலை 8 முதல் 10 வரை. மலையைத் துளைப்பதா, மழைக்காலம் முடியும்வரை உள்ளேயே வைத்துச் சோறு போடுவதா, நீருக்கடியில் அழைத்து வருவதா என்று யோசித்தார்கள். ஒவ்வொன்றிலும் உயிர் போகும் அபாயம் இருந்தது. முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் அந்தப் பணியிலேயே இறந்தார். கடைசியில் சிறுவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து வெள்ளத்துக்கடியில் கொண்டுவந்தார்கள். கைதியைக் கண்டதும் காட்சி முடிந்துவிட்டது என்று எழுதுகிற டஞ்சன் மாஸ்டர்கள் அந்த எட்டு நாளை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனவே நோட்டில் விடைக்கு இடம் விடாதீர்கள். கைதியைப் பிடித்து வைத்திருப்பது எது, எவ்வளவு நேரம் இருக்கிறது, காவலாளி எப்போது திரும்புவான், கைதியால் நடக்க முடியுமா, அவர் யாரைக் கண்டு பயப்படுகிறார், வெளியே வர அவருக்கே விருப்பமா என்பதை மட்டும் எழுதுங்கள். மிச்சத்தை மேசைக்கு விடுங்கள். யாராவது கம்பளியைச் சுருட்டி ஓட்டையை அடைக்கலாமா என்று கேட்டால், கையில் எத்தனை கம்பளி இருக்கிறது என்று கேளுங்கள்.