"இந்தா, ஒரே ஒரு வாய்!" - அக்கா வீட்டில் கெஞ்சலை நிறுத்திய மூன்று வாரம்

போன மாதம் ஒரு ராத்திரி. திண்டுக்கல்லில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். கரன்ட் இல்லை. மூன்றரை வயது மகனுக்கு அக்கா ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் கண் மொத்தமும் போனில். யானைப் பாட்டு பாதியில் நின்றது, சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவன் வாயும் மூடிக்கொண்டது.

"இந்தா, ஒரே ஒரு வாய். தங்கம்ல... அந்தா பாரு நிலா..." ஒன்றும் நடக்கவில்லை. பூச்சாண்டி வந்தார், போலீஸ் வந்தார், பக்கத்து வீட்டு நாய்கூட வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அக்கா பொறுமை இழந்து, அவன் கன்னத்தை அழுத்தி ஒரு கவளத்தைத் திணித்தாள். அதுவரை உள்ளே போனதையும் சேர்த்து வாந்தி எடுத்துவிட்டான். முதுகில் ஓர் அடி விழுந்தது. அவன் அழுது தூங்கிய பிறகு, அக்கா கழுவாத தட்டோடு சமையலறையில் நின்று அழுதாள். "இவ்வளவு செஞ்சும், பிள்ள ஏன் இப்படி இளைச்சிருக்குன்னு எல்லாரும் என்னையத்தான கேக்குறாங்க."

எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி. நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். பார்ப்பவர் கண்ணை எடுக்காதபடி வீடியோவை எப்படி வெட்டுவது என்பதுதான் எங்களுக்குப் பாதி வேலை. அதே வித்தைதான் அக்கா மகன் வாய்க்கும் சாவியாக இருக்கிறது. திரையைப் பார்த்துச் சாப்பிடும் குழந்தைக்கு என்ன சாப்பிடுகிறோம் என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அக்கா வீட்டில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கே அதற்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவனை அங்கன்வாடியில் விடப் போனேன். அங்கே அவன் மதியச் சோற்றைத் தன் கையாலேயே அள்ளிச் சாப்பிடுகிறானாம். முட்டை தரும் நாளில் மஞ்சள் கருவை முதலில் சாப்பிடுவானாம். "நம்ம வீட்டுப் பையனைத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

யோசித்தால் இதில் அதிசயம் இல்லை. நம் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் இதைப் பார்க்கலாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. வீட்டில் உப்புமா என்றாலே முகத்தைச் சுளிக்கும் பிள்ளை, அங்கே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. எல்லாப் பிள்ளைகளும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால், அங்கே நேரம் நேரமாக இருக்கிறது. பசி இருக்கிறது. பக்கத்தில் இருப்பவனும் அதையே சாப்பிடுகிறான். முக்கியமாக, யாரும் கெஞ்சுவதில்லை. சித்ரா பௌர்ணமியில் நிலாச்சோறு சாப்பிட்ட நினைவிருப்பவர்களுக்கு இது புரியும். அன்று எந்தப் பிள்ளை அடம் பிடித்தது?

அங்கன்வாடியில் இன்னொன்றையும் பார்த்தேன். அவனுடைய வளர்ச்சி அட்டை. மாதா மாதம் எடை போட்டு வைத்த புள்ளிகள் எல்லாமே பச்சைப் பட்டைக்குள் இருந்தன. தெருவே 'இளைச்சுட்டான்' என்று சொல்லிக்கொண்டிருந்த பையன், அட்டையில் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தான். அக்கா அந்த அட்டையைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம்.

"ஒரு வயசு வரை நல்லாத்தான் சாப்பிட்டான், அதுக்கப்புறம்தான்..." என்று நிறைய அம்மாக்கள் சொல்வதற்கும் கணக்கு இருக்கிறது. சுமார் 3 கிலோவில் பிறக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. இரண்டாவது வருடம் முழுக்க ஏறுவது 2 முதல் இரண்டரை கிலோதான். அதன் பிறகு வருடத்துக்குச் சுமார் 2 கிலோ. வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? கூடவே, புதிதாக எதைப் பார்த்தாலும் 'வேணாம்' என்று தள்ளுவதும் இந்த வயதின் குணம். இது தெரியாமல் பத்து மாதத்தில் சாப்பிட்ட வேகத்தையே மூன்று வயதிலும் எதிர்பார்க்கிறோம்.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இந்த வேலையை இரண்டாகப் பிரித்தார். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது பெற்றோர் வேலை. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் வேலை. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். "என்ன வேணும்? தோசையா, நூடுல்ஸா?" என்று நம் வேலையை அவனிடம் கொடுத்துவிட்டு, எத்தனை வாய் என்பதை நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

"அப்போ அவன் இஷ்டத்துக்கு விட்டுடவா? சிப்ஸ் பாக்கெட்டத்தான் திம்பான்" என்றாள் அக்கா. நியாயமான கேள்வி. 1920-களில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஒரு சோதனை தொடங்கினார். தாய்ப்பால் மறந்த குழந்தைகள் முன்னால் பல வகை உணவுகளை வைப்பார்கள். எதைக் காட்டுகிறதோ அதை மட்டும் செவிலியர் ஊட்டலாம், வற்புறுத்தக் கூடாது. 1939-ல் அவர் எழுதியபோது, அப்படி வளர்ந்தவர்கள் 15 குழந்தைகள். ஒரு வேளை முட்டையும் வாழைப்பழமும் பாலும் மட்டும் என்று விசித்திரமாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனாலும், நன்றாகவே வளர்ந்தார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு, அதை டேவிஸே சொல்லியிருக்கிறார். அந்தத் தட்டில் இருந்த அத்தனையும் காய், கனி, தானியம், இறைச்சி, பால் போன்ற சத்தான பொருள்கள். சர்க்கரையோ பிஸ்கட்டோ அங்கே கிடையாது. பிள்ளை தேர்ந்தெடுக்கலாம். எதிலிருந்து என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அக்கா மூன்று வாரம் முயற்சி செய்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டாள். முதலில் கணக்கெடுத்தோம். காலையில் ஒரு டம்ளர் பால், சாயங்காலம் ஒன்று, ராத்திரி தூங்கும்போது பாட்டிலில் ஒன்று. போதாததற்கு, சாயங்காலம் ஆறரைக்கு தாத்தாவோடு பெட்டிக்கடை. ஏழரைக்குப் பசி எங்கிருந்து வரும்? நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டிப் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் போய்விடும். பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு.

பாட்டில் நின்றது. பெட்டிக்கடை நடை பார்க்குக்கு மாறியது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறுதீனி, எல்லாம் நேரத்துக்கு. சாயங்காலம் நாலரைக்குச் சிறுமலைப் பழமோ அவித்த கடலையோ. இடையில் தண்ணீர் மட்டும். போன் பீரோவுக்குள். பழைய பேப்பரை விரித்து எல்லோரும் ஒன்றாகத் தரையில் உட்காருவது. அவனுக்குத் தனித் தட்டு, அவன் கை. கொஞ்சமாக வைப்பது, வேண்டுமென்றால் மறுபடி கேட்கட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுவது, திட்டாமல்.

முதல் நாலு நாள் சண்டைக்காடு. முதல் ராத்திரி மூன்று வாயோடு எழுந்துவிட்டான். அப்பத்தாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "பச்சப்பிள்ளைய பட்டினி போட்டுப் படிக்கச் சொல்லுச்சாடி உன் தங்கச்சி?" என்று அக்காவைக் கேட்டார். மாமாவுக்கு மில்லில் ஷிஃப்ட், அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் எல்லாம் அக்கா தலையில்தான். ஐந்தாவது நாள் காலை, எழுந்ததும் அவனே "இட்லி" என்று கேட்டான். இரண்டு சாப்பிட்டான். அப்பத்தா கொஞ்சம் அடங்கினார்.

காய் விஷயம் இன்னும் மெதுவானது. ஒரு புதுக் காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முறை, பத்து முறை, சிலருக்கு பதினைந்து முறைகூட ஆகலாம். நாம் மூன்றாவது தடவையே 'அவனுக்கு பீன்ஸ் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவனுக்குப் பிடித்த சோற்றுக்குப் பக்கத்தில் இரண்டு துண்டு பீன்ஸ், வாரத்தில் மூன்று நாள். முதலில் தள்ளினான். அப்புறம் எண்ணினான். மூன்றாவது வாரம் என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுத் துப்பினான். எங்களுக்கு அதுவே முன்னேற்றம். "காய் சாப்பிட்டா சாக்லேட் தர்றேன்" என்று மட்டும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்று பிள்ளை சரியாகப் புரிந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் இப்படி விட்டுப்பிடிக்கவும் கூடாது. எடை குறைந்தாலோ, மாதக்கணக்கில் ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது புரை ஏறினாலோ, முகம் வெளுத்திருந்தாலோ, மண், சாக்பீஸ், சிலேட்டுக் குச்சி என்று தின்றாலோ மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தசோகை பசியையே கெடுத்துவிடும். நாலைந்து உணவைத் தவிர எதையும் தொடாமல், பேச்சும் தாமதமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே குழந்தைகள் பிரிவு இருக்கிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பசி டானிக் வேண்டாம். குடல் தட்டுவதற்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

போன ஞாயிறு அக்கா வீட்டில் சீரகச் சம்பா பிரியாணி. நாலு வாய் சாப்பிட்டுவிட்டு "போதும்" என்று எழுந்துவிட்டான். அப்பத்தா அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். கை தட்டை நோக்கிப் போனது, அப்புறம் தன் தட்டுக்கே திரும்பியது. நாலரை மணிக்கு அவனாகவே வந்து, பழம் எங்கே என்று கேட்டான்.