தேர்வுக்கு முன் ஒரு கணக்கு

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள இல்லங்களில் தை பிறந்ததும் கலக்கமே பிறக்கிறது. தமிழகத்தில் மேல்நிலைப் பொதுத்தேர்வு வழக்கமாக மார்ச்சு மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதற்கு முன்னர் செய்முறைத் தேர்வுகள். இடையிடையே திருப்புதல் தேர்வுகள். பொங்கலிலிருந்து எண்ணினால் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 45 நாள்கள், பாடங்களோ ஆறு. இந்நாள்களில் நம் இல்லங்களில் ஓயாது ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு: "உட்கார்ந்து படி!"

சொல்வது எளிது. உட்காருவதற்கு அந்தப் பிள்ளைக்கு நேரம் இருக்கிறதா என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று. தந்தை கட்டட வேலை செய்பவர். தாய் வீட்டிலிருந்தே துணி தைப்பவர். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு; இளையவன் ஒன்பதாம் வகுப்பு. முதல் திருப்புதல் தேர்வில் மகள் இரு பாடங்களில் தவறினாள். தந்தைக்குச் சினம் பொங்கியது. "புத்தகத்தை விரித்தால் தூங்குகிறாள், படிப்பில் அக்கறையே இல்லை" என்று தீர்ப்புக் கூறினார். மகள் வாய் திறக்கவில்லை.

சில நாள் சென்று, பெட்டியிலிருந்த துணிகளை அடுக்கும்போது தாயின் கையில் ஒரு நோட்டு அகப்பட்டது. அது இயற்பியல் செய்முறைப் பதிவேடு. பாதிக்கு மேல் எழுதப்படாமலே கிடந்தது. ஆசிரியை இரு வாரங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த அதனை அவள் பெற்றோர் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தாள். "தேர்வை நினைத்து அவள் அஞ்சவில்லை, எங்களை நினைத்தே அஞ்சியிருக்கிறாள். அதுதான் என் நெஞ்சைச் சுட்டது" என்று அந்தத் தாய் பின்னர் நம்மிடம் கூறினார்.

அவர் மகளை ஏசவில்லை. நாள்தோறும் கிழித்தெறியும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், பள்ளி விட்டு வந்தது முதல் படுக்கும்வரை அவள் என்ன செய்தாள் என்று மணி பார்த்துக் குறித்து வந்தார். ஆறு நாள்களின் தாள்களும் ஏறக்குறைய ஒன்றையே கூறின. சிறப்பு வகுப்பு முடிந்து வீடு சேர்வது 5.15 மணி. தெருக்குழாயில் தண்ணீர், வாசல் பெருக்குதல், கடைக்குப் போய்வருதல், சமையலுக்குத் துணை. எட்டு மணிக்குக் குடும்பச் செபமாலை, பின் உணவு, பின் பாத்திரம். புத்தகத்தைத் திறக்கும்போது மணி 8.50. பத்து மணிக்குத் தலை சாய்ந்துவிடும். ஆக ஒரு மாலைக்கு 70 நிமிடங்கள். ஆறு மாலைகளுக்கு ஏழே மணி நேரம். அதே வீட்டில் தம்பியோ ஆறரை மணிவரை விளையாடி, பின் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தான்.

தந்தை அத்தாள்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாளும் இப்படித்தானா, அம்மா?" என்று மகளைக் கேட்டார். "ஆமாம் அப்பா" என்றாள் அவள். அவ்வளவுதான் அன்று அவ்வீட்டில் நடந்த உரையாடல்.

மறுநாள் முதல் தண்ணீர்க் குடம் தம்பியின் கைக்கு மாறியது. கடைக்குப் போவதைத் தந்தை ஏற்றார். செபமாலை ஏழு மணிக்கு முன்னேறியது. அதனை அடுத்து உணவு. பாத்திரம் துலக்குவதைத் தாயும் மகனும் பகிர்ந்துகொண்டனர். மகள் 5.45 முதல் 7 வரையிலும், மீண்டும் 8 முதல் 9.45 வரையிலும் படித்தாள். மூன்று மணி நேரம்! ஆறு நாளில் ஏழு மணியாயிருந்தது பதினெட்டு மணியாயிற்று. பதிவேட்டை நாளுக்கு அரைமணி வீதம் பத்து நாளில் முடித்தாள். அவள் மாநில முதன்மை பெறவில்லை. ஆனால் எல்லாப் பாடங்களிலும் தேறினாள். தந்தையின் முகத்தை நேரே பார்த்துப் பேசினாள்.

கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் கூறிய உவமையை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தேர்வுக்கும் அக்கணக்கு வேண்டும். பிள்ளை மட்டும் தனியே உட்கார்ந்து அதனைப் போட இயலாது. அவள் நேரத்தைச் செலவழிப்பவர்கள் நாம் அனைவருமே அல்லவா? ஆகவே பெற்றோரும் உடன் அமர வேண்டும்.

கணக்கில் முதலில் வர வேண்டியவை முடிக்கப்படாத ஒப்படைப்புகளும் பதிவேடுகளும். செய்முறையுள்ள அறிவியல் பாடம் ஒன்றின் 100 மதிப்பெண்களில் எழுத்துத் தேர்வுக்குரியவை 70 மட்டுமே. செய்முறைக்கு 20, வருகை, வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு முதலியவற்றை நோக்கி வழங்கும் அகமதிப்பீட்டுக்கு 10. மார்ச்சு வருமுன்னரே கைக்கு வரக்கூடிய இந்த 30 மதிப்பெண்களைச் சோம்பலாலோ அச்சத்தாலோ இழக்கலாமா?

அடுத்து, படிக்கும் முறை. செர்மானிய அறிஞர் எபிங்காவுசு 1885இல் வெளியிட்ட ஆய்வு, ஒருமுறை மனப்பாடம் செய்தது விரைவில் மறந்துபோகும் என்பதையும், இடைவெளிவிட்டுத் திருப்பினால் நிலைக்கும் என்பதையும் காட்டியது. 2006இல் அமெரிக்க உளவியலார் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் மாணவரிடையே ஒரு சோதனை நடத்தினர். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்தபோதோ, பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். எனவே பத்து முறை வாசிப்பதைவிட, ஒருமுறை வாசித்துப் புத்தகத்தை மூடி எழுதிப் பார்ப்பது மேல்.

நம் திருச்சபைக்கு இது புதிதன்று. இயேசு சபையினர் 1599இல் வகுத்த கல்வி நெறி, முந்தைய நாள் பாடத்தை ஒப்புவிக்கவும், வாரம் முழுதும் கேட்டதைச் சனிக்கிழமையில் திருப்பவும் பணித்தது. 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி அச்சபையின் மரபில் வந்ததே. அந்தச் சனிக்கிழமை வழக்கத்தை நம் இல்லங்களிலும் கைக்கொள்ளலாம். எழுத்தறியாத தாயும் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்று படித்ததை எனக்குச் சொல், கேட்கிறேன்" என்று கூறலாமே.

இரவெல்லாம் கண்விழிப்பதைப் பெருமையாகக் கருத வேண்டாம். படித்தது மனத்தில் பதிவதற்கு உறக்கம் தேவை. மேலும், பல ஆண்டுகளில் தேர்வுக் காலமும் தவக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. பிள்ளை படிக்கும் அம்மூன்று மணி நேரமும் தொலைக்காட்சியை அணைத்து, கைப்பேசிகளை ஓரிடத்தில் வைத்துவிடுவதைக் குடும்பம் முழுவதும் ஒறுத்தல் முயற்சியாக ஏற்கலாம்.

தேர்வு எழுதுவோர் கூபர்த்தினோ நகர்ப் புனித யோசேப்பிடம் மன்றாடுவது வழக்கம். 1603இல் பிறந்த அவர் படிப்பில் மிகவும் பின்தங்கியவர்; பலராலும் இகழப்பட்டவர். அவர் விளக்கிச் சொல்லக்கூடிய ஒரே நற்செய்திப் பகுதியையே ஆயர் தேர்வில் கேட்டார் என்று அவர் வரலாறு கூறும். அதிலுள்ள புதுமையை நாம் நினைக்கிறோம். அந்த ஒரு பகுதியை அவர் செவ்வனே கற்றிருந்தார் என்பதை மறக்கிறோம். மெழுகுதிரி ஏற்றி நேர்ச்சை செய்வது நன்று. மன்றாடிய கை எழுதுகோலையும் எடுக்க வேண்டும்.

பெற்றோருக்கு இறுதியாக ஒன்று. தேர்வுக்குப் புறப்படும் காலையில் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்புகிறோம். அதற்கு முந்தைய மாலையிலேயே, "மதிப்பெண் எதுவாயினும் நீ எங்கள் பிள்ளை, தவறினாலும் துணைத்தேர்வு இருக்கிறது, எதையும் எங்களிடம் மறைக்க வேண்டாம்" என்று வாய்விட்டுக் கூறிவிடுங்கள். மனத்தில் இருந்தால் போதாது. அது பிள்ளையின் காதில் விழ வேண்டும். பெட்டிக்குள் துணிகளின் அடியில் ஒரு நோட்டு மறைந்து கிடக்கும் இல்லமாக நம் இல்லம் இராதிருக்க இறைவன் அருள்வாராக.